கடற்புல்வெளியில் குழல்மீனைத் தேடிக் காணும் முறை

கடற்புல்லும் கடற்பாசியும் செறிந்த ஆழமற்ற கரையோர நீரில் குழல்மீன் என்னும் சிறு மீன் வாழ்கிறது. கடற்குதிரைக்கு நெருங்கிய உறவான இந்த மீனைப் பலரும் நேரில் கண்டதில்லை. அது வாழும் புல்வெளியின் மேலேயே நீந்திச் சென்றவர்களில்கூடப் பெரும்பாலோர் கண்டதில்லை. அது அரிதாக இருப்பது மட்டுமே இதற்குக் காரணமன்று. விரலைவிட மெலிந்த, பச்சையோ பழுப்போ ஆன அதன் உடல் இலையின் வடிவத்தையே பெற்றிருப்பதும், இலைகள் அசையும்போது அவற்றோடு சேர்ந்து அது அசைவதும் பெருங்காரணம். எனவே குழல்மீனைத் தேடும் வேலையைப் புல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். புல் எப்படி நிற்கிறது, நீரோட்டத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது, முதிரும்போது எந்த நிறம் கொள்கிறது என்பதையெல்லாம் பார்த்துப் பழகியவருக்கே, அந்தப் புல்லோடு சேராத ஒன்று கண்ணில் படும். மீனைப் பிடிக்காமலும் தொடாமலும், புல்லை மிதிக்காமலும் இதைச் செய்ய முடியும் என்பதே இங்கு நான் விளக்க விரும்புவது.

முதலில் மீனின் உடலமைப்பைச் சற்று அறிந்துகொள்வது நல்லது, ஏனெனில் எங்கே, எப்போது, எப்படித் தேட வேண்டும் என்பதற்கான விடைகள் அந்த உடலிலேயே இருக்கின்றன. குழல்மீன்கள், கடற்குதிரைகள், கடல் டிராகன்கள் ஆகிய மூன்றும் சிங்னாத்திடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தில் ஏறத்தாழ 300 இனங்கள் உள்ளன. இவற்றின் உடலில் செதில்களுக்குப் பதிலாக, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய எலும்பு வளையங்கள் இருக்கின்றன. இந்தக் கவசம் உடலை விறைப்பாக்குவதால், மற்ற மீன்களைப் போல உடலை வளைத்து வால் வீசி விரைந்து தப்ப இவற்றால் இயலாது. முதுகுத் துடுப்பை மிக வேகமாக அதிரச் செய்து மெல்ல நகர்வதே இவற்றின் நீச்சல். விரைந்து ஓட முடியாத மீனுக்கு ஒளிந்து நிற்பதே பாதுகாப்பு. ஆகவே நாம் நெருங்கினால் அது ஓடாது, அசையாமல் நிற்கும். அதனால்தான் அருகில் இருந்தும் தவறவிடுகிறோம்.

வாயும் அதே அளவுக்கு வியப்பானது. தாடைகள் இரண்டும் நீண்ட குழலாகச் சேர்ந்து, அதன் நுனியில் ஒரு சிறு வாய் மட்டும் இருக்கிறது, பற்கள் இல்லை. இரை அருகே வந்ததும் தலையைச் சட்டென்று மேல்நோக்கிச் சுண்டி, குழலின் வழியே நீரோடு இரையை உறிஞ்சிக்கொள்கிறது. இந்தச் செயல் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. இதே முறையில் உண்ணும் குள்ளக் கடற்குதிரையைப் பற்றி 2013-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அசைவற்ற நீரில் அது குறிவைக்கும் இரையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைப் பிடித்துவிடுகிறது என்றும், அதன் தலையின் வடிவம் நீரைக் கலைக்காமல் இரையை நெருங்க உதவுகிறது என்றும் காட்டியது. மற்றொரு முக்கியமான செய்தி, இந்தக் குடும்பத்து மீன்களுக்கு இரைப்பை கிடையாது என்பதாகும். உண்டதைச் சேர்த்து வைக்க இடமில்லாததால், கோபிபாட் போன்ற மிதவை உயிரிகளையும் சிறு இறால் வகைகளையும் அடிக்கடி உண்டுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் ஆதலால் இந்த வேலை வெளிச்சத்தில்தான் நடக்கிறது. பகல் வெளிச்சமும் தெளிந்த நீரும் நமக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அதற்கும் தேவை.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கடற்புல்லையும் கடற்பாசியையும் வேறுபடுத்தி அறியப் பழக வேண்டும். கடற்புல் பூப்பூக்கும் தாவரம். அதற்கு மணலுக்குள் ஊர்ந்து செல்லும் தண்டும் வேரும் உண்டு. கடற்பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. பாறையையோ சிப்பியையோ பற்றிக்கொள்ளும் ஒரு பிடிப்பு மட்டும் உண்டு. மணலும் சேறும் கலந்த, அலை தணிந்த விரிகுடாக்கள், கழிமுகங்கள், பாறைத் தடுப்புக்குப் பின்னால் அமைதியாக இருக்கும் நீர்ப்பரப்புகள் ஆகியவை புல்வெளிகளுக்கு ஏற்ற இடங்கள். பாறைக் கரைகளில் பாசிதான் மிகும். குழல்மீன்கள் இரண்டிலும் வாழ்கின்றன என்றாலும், புதிதாகத் தேடுபவர் புல்வெளியில் தொடங்குவதே நல்லது. பாசி பல வடிவங்களில் கிளைத்து, நிழலும் மடிப்புமாக இருப்பதால் கண்ணுக்குப் பிடி கிடைப்பதில்லை. புல்வெளியிலோ எல்லா இலைகளும் ஒரே மாதிரியாக நிற்பதால், மாறுபட்ட ஒன்று இருந்தால் அது தெரிந்துவிடுகிறது.

எந்தக் கடலில் எந்த மீன் என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நார்வே, பால்டிக் பகுதிகளிலிருந்து மத்தியதரைக்கடல், கருங்கடல் வரை, சோஸ்டெரா என்னும் நாடா போன்ற புல்லின் நடுவே அகன்ற மூக்குக் குழல்மீன் வாழ்கிறது. அறிவியல் பெயர் சிங்னாத்தஸ் டைஃபில். மெக்சிகோ வளைகுடாவின் புல்வெளிகளில் சிங்னாத்தஸ் ஸ்கோவெல்லி என்னும் வளைகுடாக் குழல்மீன் வாழ்கிறது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், அலாஸ்காவிலிருந்து பாகா கலிபோர்னியா வரை, சிங்னாத்தஸ் லெப்டோரிங்கஸ் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பான், ஆஸ்திரேலியா வரை பரந்த வெப்பக்கடல்களின் புல்வெளிகளில், நீண்ட முகமும் பற்றிக்கொள்ளும் வாலும் உடைய சிங்னாத்தோய்டிஸ் பையாகுலியேட்டஸ் காணப்படுகிறது. முதலை போன்ற தோற்றத்தால் அதை முதலைக் குழல்மீன் என்றும் சொல்வதுண்டு. உங்கள் கரையில் இருக்கக்கூடிய இரண்டு மூன்று இனங்களின் படங்களை மட்டும் மனத்தில் பதிய வைத்துக்கொண்டால் போதும்; நூறு இனங்களின் படங்களைப் புரட்டிவிட்டு நீரில் இறங்குவது குழப்பத்தையே தரும்.

நேரம்

தேடலின் வெற்றியில் பாதி நேரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. கடல் வற்றும்போதும் ஏறும்போதும் நீரோட்டம் புல்லைத் தரையோடு படுக்க வைத்துவிடும். படுத்த புல்லுக்குள் எதுவும் தெரியாது. வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்குவதற்கு இடையே நீர் ஏறக்குறைய நின்றுவிடும் சிறிது நேரம் உண்டு. அப்போது இலைகள் நிமிர்ந்து நிற்கும், கிளறப்பட்ட மண்ணும் படிந்திருக்கும். அந்த வேளைக்குச் சற்று முன்னதாகவே இடத்தில் இருக்கும்படி, கடல் வற்றும் ஏறும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்த்துத் திட்டமிட வேண்டும். முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டிய நாள்களில் நீர் மிகவும் கீழிறங்குவதால், மற்ற நாள்களில் எட்டாத புல்வெளியைக்கூட முழங்கால் அளவு நீரில் பார்க்க முடியும்; ஆனால் அந்நாள்களில் நீரோட்டமும் வலிமையாக இருக்கும் என்பதையும், திரும்பி ஏறும் நீர் விரைந்து வரும் என்பதையும் மறக்கக் கூடாது. மழைக்குப் பின்னும், கரையை நோக்கிக் காற்று வீசிய நாளுக்குப் பின்னும் நீர் கலங்கியிருக்கும். கலங்கல் நீரில் பிடிவாதமாகத் தேடுவதைவிட வேறொரு நாள் வருவதே நல்லது.

குளிர்நாட்டுக் கரைகளில் கோடைக்காலமே ஏற்றது. அப்போது புல் உயரமாக வளர்ந்திருக்கும், மீன்கள் இனப்பெருக்கத்துக்காக ஆழமற்ற நீருக்கு வந்திருக்கும். குளிர்காலத்தில் அவை ஆழத்துக்குச் சென்றுவிடுகின்றன. வெப்பக்கடல்களில் பருவமாற்றம் இவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை, அங்கே நீரின் தெளிவே பருவத்தை முடிவு செய்கிறது.

நீரில் இறங்கும் முறை

கருவிகள் மிகக் குறைவாக இருந்தால் போதும். நீச்சல் முகமூடியும் மூச்சுக்குழாயும், நீரில் எழுதக்கூடிய ஒரு பிளாஸ்டிக் பலகையும் பென்சிலும், அதன் ஓரத்தில் குறித்த ஒரு சென்டிமீட்டர் அளவுகோலும் வேண்டும். நீந்த விரும்பாதவர் அடியில் கண்ணாடி பொருத்திய வாளியை நீர்ப்பரப்பில் வைத்து, அதன் வழியே பார்க்கலாம். நீர்ப்பரப்பின் சிற்றலையும் பளபளப்பும் மறைந்து அடித்தளம் தெளிவாகத் தெரியும். மூச்சுக் கலன் அணிந்து மூழ்குவது இந்த வேலைக்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில், நீர்ப்பரப்பில் அசையாமல் மிதந்துகொண்டு கீழே பார்ப்பவரே நிறையக் காண்கிறார் என்பது என் உறுதியான கருத்து. குமிழியும் இரைச்சலும் இல்லாததால் மீன்களும் கலவரப்படுவதில்லை.

புல்வெளியின் மேல் நடக்கக் கூடாது. மிதிபடும் இலை மீண்டும் முளைக்கலாம். ஆனால் மணலுக்குள் இருக்கும் கிடைத்தண்டு முறிந்தால் அந்த இடம் வெற்று மணலாகி, அலை அரித்து அகன்றுகொண்டே போகும். மத்தியதரைக்கடலின் பொசிடோனியா புல்லின் தண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே நீள்கிறது. படகின் ஒரு நங்கூரம் ஒரே இழுப்பில் கிளறிய இடத்தை அது மீண்டும் மூடப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே நடந்துதான் போக வேண்டுமென்றால் புல்லுக்கு இடையே உள்ள மணல் திட்டுகளில் மட்டும் நடக்க வேண்டும். படகில் வந்தால் மணலில்தான் நங்கூரம் போட வேண்டும். மணலில் நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர்த்தினால், மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கை மீன்கள் அதிர்வை உணர்ந்து விலகிவிடும். அவற்றின் முள் குத்துவதிலிருந்து தப்பும் எளிய வழி அதுதான். எப்போதும் துணையோடு இறங்குவதும், வெயிலுக்குக் களிம்பைப் பூசிக்கொள்வதைவிட நீளக்கை உடை அணிவதும் நல்லது.

பார்க்கும் முறை

இங்கேதான் பொறுமை வேண்டும். புல்வெளியின் விளிம்பில், புல்லும் மணலும் சந்திக்கும் இடத்தில் தொடங்குங்கள். உடலை நீரில் நேராகக் கிடத்தி, கால்களை அசைக்காமல், ஒரு கதவின் அளவுள்ள பரப்பை மட்டும் தேர்ந்துகொண்டு, வேறெங்கும் பார்க்காமல் அதையே பாருங்கள். முதலில் புல் மட்டுமே தெரியும். இலைகளின் அகலம், நுனி வடிவம், அவற்றின் மேல் படிந்திருக்கும் மெல்லிய பாசி, பழுத்த இலைகளின் நிறம் ஆகியவற்றைக் கண் பதிவு செய்துகொள்ளட்டும். பிறகு அசைவைக் கவனியுங்கள். சிற்றலை ஒன்று கடக்கும்போது எல்லா இலைகளும் ஒரே திசையில் சாய்ந்து ஒன்றாகத் திரும்பும். வேர் இல்லாத ஒன்று அவற்றோடு சாயும், ஆனால் அவற்றைப் போலத் தொடங்கிய இடத்துக்கே திரும்பாது; சற்று விலகி நிற்கும், அல்லது நிமிர்ந்தபடியே மெல்லப் பக்கவாட்டில் நகரும். அதுதான் நீங்கள் தேடுவது.

அசைவு காட்டிக்கொடுக்காவிட்டால் கண்ணைத் தேடுங்கள். உடல் எவ்வளவு இலையாக மாறினாலும், குழல்மீனின் கண் வட்டமாக, தனித்தனியாகச் சுழலக்கூடியதாக இருக்கிறது; புல்லில் வட்டமான பொருள்கள் மிகக் குறைவு. முதுகின் நடுவே நீர் நடுங்குவது போன்ற ஒரு மெல்லிய பளபளப்பும் உதவும். அது வேகமாக அதிரும் முதுகுத் துடுப்பு. அகன்ற மூக்குக் குழல்மீன் பெரும்பாலும் இலைகளுக்கு இணையாகச் செங்குத்தாக நிற்கும். முதலைக் குழல்மீன் வாலால் ஓர் இலையைச் சுற்றிப் பற்றிக்கொண்டு, உதிர்ந்த இலையைப் போலச் சாய்ந்து கிடக்கும். வேறு சில இனங்கள் புல்லின் அடியில், மணலை ஒட்டிக் கிடைமட்டமாக ஊர்கின்றன. உங்கள் கரையின் இனம் எப்படி நிற்கும் என்று அறிந்து அந்தக் கோணத்தில் பார்ப்பது பாதி வேலையைக் குறைத்துவிடும். சிரிங்கோடியம் போன்ற உருண்டை இலைப் புல்வெளியில் மட்டும் தேடல் கடினமானது, ஏனெனில் அங்கே ஒவ்வோர் இலையும் குழல்மீனைப் போலவே இருக்கும்.

மீனைக் கண்டபின் நெருங்க வேண்டாம். ஒரு கை நீளத் தூரத்துக்கு அப்பால் நின்றால் அது சற்று நேரத்தில் உங்களைப் பொருட்படுத்தாமல் இரை தேடத் தொடங்கும். தலையைச் சுண்டி உறிஞ்சுவதை அப்போதுதான் காண முடியும். அது தொடர்ந்து உங்களிடமிருந்து திரும்பிக்கொண்டாலும், புல்லுக்குள் தலையைத் தாழ்த்தினாலும், மறைவிடத்தை விட்டு வெளியே நீந்தினாலும் அதற்குத் தொந்தரவு ஏற்பட்டிருக்கிறது என்று பொருள், பின்வாங்கிவிடுங்கள். புகைப்படத்துக்காக இலைகளை ஒதுக்குவதும், பிளாஷ் ஒளியைப் பயன்படுத்துவதும், மீனை வெளியே ஓட்டுவதும் கூடாது. மறைவை இழந்த குழல்மீனைப் பெரிய மீன் ஒன்று விழுங்க ஒரு நொடி போதும்.

இனங்காணுதல்

முதலில் அது குழல்மீன்தானா என்பதை உறுதி செய்ய வேண்டும். பெரும்பாலும் குழப்புவது இளம் முரல் மீன். முரல் நீர்ப்பரப்பை ஒட்டி வெள்ளிபோல் மின்னிக்கொண்டு, உடலை வளைத்து விரைவாக நீந்தும்; அதன் தாடை அலகுபோல் நீண்டிருக்கும், வால் கவைத்திருக்கும். குழல்மீன் மின்னாது, விரையாது, அதன் வாய் குழலின் நுனியில் மட்டுமே திறக்கும். வாலின் முனையில் சிறு விசிறிபோல் ஒரு துடுப்பு இருக்கலாம், அல்லது எதுவுமே இல்லாமல் கூர்ந்து முடியலாம். இந்த வால் துடுப்பு இருக்கிறதா இல்லையா என்பதே இனங்காண்பதில் முதல் கேள்வி. அடுத்து மூக்கைப் பாருங்கள்: தலையின் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கிறதா, பக்கவாட்டில் பார்த்தால் அது மெல்லிய குழலா அல்லது அகன்ற பட்டையா? அகன்ற மூக்குக் குழல்மீனுக்கு மூக்கு தலையின் உயரத்துக்குச் சமமாக இருக்கும், வேறு எதோடும் அதைக் குழப்ப முடியாது. நிறத்தை நம்பக் கூடாது. ஒரே இனத்தில் பச்சையும் பழுப்பும் உண்டு, சூழலுக்கேற்ப நிறம் மாறவும் செய்யும். நிபுணர்கள் உடல் வளையங்களையும் முதுகுத் துடுப்பைத் தாங்கும் மெல்லிய கதிர்களையும் எண்ணி இனத்தை உறுதி செய்கிறார்கள். ஆகவே முடிந்தால் தலை, முதுகுத் துடுப்பு, வால் மூன்றும் பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும் ஒரு படம் எடுங்கள். எண்ணுவதைக் கரையில் செய்துகொள்ளலாம்.

ஆண் எது, பெண் எது என்பதைப் பல நேரங்களில் பார்த்தவுடனே சொல்ல முடியும், ஏனெனில் இந்தக் குடும்பத்தில் கருவைச் சுமப்பது ஆண். சிங்னாத்தஸ் இனங்களில் ஆணின் வாலடியில் இரண்டு தோல் மடிப்புகள் சேர்ந்து ஒரு நீண்ட பையாகின்றன. கரு இருக்கும்போது அந்தப் பகுதி புடைத்திருக்கும். முதலைக் குழல்மீனின் ஆண் முட்டைகளை மூடாமல் தன் வயிற்றின் அடியில் ஒட்டிச் சுமக்கிறது. அருகிலிருந்து பார்த்தால் முட்டை வரிசைகளே தெரியும். வளைகுடாக் குழல்மீனின் பெண்ணுக்கு உடலில் வெள்ளிக் கோடுகள் உண்டு. அகன்ற மூக்குக் குழல்மீனில் துணைக்காகப் போட்டியிடுவது பெண்கள், தேர்ந்தெடுப்பது ஆண். இனப்பெருக்கக் காலத்தில் பெண்ணின் உடலில் கருமையான கோலம் தோன்றி மறைவதை, அசையாமல் காத்திருப்பவர் காணக்கூடும். கருவுற்ற ஆணைக் கண்டால் மற்ற மீன்களைவிட அதற்குக் கூடுதலாக இடம் கொடுங்கள்.

பதிவு செய்தல்

கண்டதை எழுதி வைத்தால்தான் அது பிறருக்குப் பயன்படும். நாள், நேரம், ஆழம், ஓதத்தின் நிலை, புல்லின் வகை, இலையின் உயரம், பார்த்த பரப்பில் எத்தனை பங்கு புல் மூடியிருந்தது, மீனின் தோராய நீளம், கரு இருந்ததா என்பவற்றைப் பலகையில் அங்கேயே குறியுங்கள். நீளத்தை மதிப்பிடும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: முகமூடி வழியே பார்க்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். ஆகவே கண்ணளவில் சொல்லாமல், அதே தூரத்தில் பலகையின் அளவுகோலைப் பிடித்து ஒப்பிட வேண்டும்.

எண்ணிக்கை வேண்டுமானால், 30 மீட்டர் கயிறு ஒன்றைப் புல்லின் மேல் மெல்லக் கிடத்தி, மீன்கள் அமைதியாகும்வரை சற்றுக் காத்திருந்து, கயிற்றின் இரு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்தில் பார்த்துக்கொண்டே போங்கள். 60 சதுர மீட்டரில் எத்தனை மீன்கள் என்ற விடை கிடைக்கும். அடுத்த முறை அதே இடத்தில், அதே ஓத நிலையில், அதே வேகத்தில் செய்தால்தான் இரண்டு எண்களை ஒப்பிட முடியும். ஒரு மீனும் தென்படாத நாளையும் கட்டாயம் எழுத வேண்டும். சுழி என்று எழுதாத பதிவேடு மீன்கள் எப்போதும் இருந்ததாகப் பொய் சொல்லும். புல்லின் நலத்தையும் குறியுங்கள். 1930-களில் வட அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் சோஸ்டெரா புல் நோயால் பெருமளவில் அழிந்தது. அந்த நோயின் முதல் அறிகுறி இலைகளில் தோன்றும் கரும்புள்ளிகள். புல் போனால் அதை நம்பிய குழல்மீனும் போய்விடும் என்பதால், புல்லைப் பற்றிய குறிப்பு மீனைப் பற்றிய குறிப்பேதான்.

கண்ட மீனை வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் ஆசை சிலருக்கு வரும். இரைப்பை இல்லாத, உயிருள்ள நுண் இரையை நாள்முழுவதும் தேடும் மீனுக்குத் தொட்டியில் ஈடுகொடுப்பது மிகவும் கடினம்; கடலிலிருந்து பிடித்தவற்றில் பல பட்டினியால் மெலிந்து சாகின்றன. சட்டமும் பல நாடுகளில் இதைத் தடுக்கிறது. இந்தியாவில் இந்தக் குடும்பம் முழுவதும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. கடற்குதிரைகளின் பன்னாட்டு வணிகம் 2004 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பால் கட்டுப்படுத்தப்படுகிறது. கரையில் ஒதுங்கிக் காய்ந்த குழல்மீனைக் காண்பவர், வளையங்களை எண்ணிப் பழக அது நல்ல வாய்ப்பு என்றாலும், படம் எடுத்துக்கொண்டு அதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. இறந்த உடலை வைத்திருப்பதுகூடக் குற்றமாகும் இடங்கள் உண்டு. வற்றத்தில் சிறு குட்டையில் தங்கிவிட்ட மீனைக் காப்பாற்றுவதாக எண்ணிக் கையில் எடுக்க வேண்டாம், சில மணி நேரத்தில் நீர் திரும்பி வரும்.

பதிவுகளை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினங்களைக் கண்டவர்கள் பதிவிடும் பொது இணையத் தளங்களில் சேர்க்கலாம். கடற்குதிரைகளுக்கென்று ஐசீஹார்ஸ் என்னும் தளம் உண்டு. அங்கே சேர்க்கும்போது இனமும் நாளும் வாழிடமும் முழுமையாக இருக்கட்டும். ஆனால் கடற்குதிரை கண்ட இடத்தின் துல்லியமான இருப்பிடத்தை மட்டும் பொதுவில் காட்டாமல் மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள், ஏனெனில் காய்ந்த கடற்குதிரைக்குச் சந்தை இருக்கும்வரை அந்த இடங்களைத் தேடுபவர்கள் ஆர்வலர்கள் மட்டுமல்லர். துல்லியமான இடம் ஆய்வுக்குத் தேவை என்று ஆய்வாளர் எவரேனும் கேட்டால், அவர் யார், எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதை உறுதி செய்துகொண்டு தனியாகக் கொடுக்கலாம்.